240: எட்டுக்கால் சிப்பிலிருந்து ஏழு சுரம்

மைக்ரோகொன்ட்ரோலரின் ஒரு காலுக்கு இரண்டே நிலைதான் தெரியும்: ஏறி நிற்பது, இறங்கி நிற்பது. இந்த ஏற்ற இறக்கத்தைச் செக்கனுக்கு 260 தடவை செய்தால் ஒரு கட்டைச் சுருதியின் சட்ஜம், 390 தடவை செய்தால் அதன் பஞ்சமம். இதுவரைக்கும் எல்லாரும் வந்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் வேலை. பொம்மைச் சத்தம் வருகிறது, பக்கத்தில் இருக்கும் ஒரே சுரம் இரண்டும் ஒட்டிப்போகிறது, சரளி வரிசைக்குரிய ராகமான மாயாமாளவகௌளையின் ரிஷபமும் தைவதமும் காதுக்குச் சரியாக அமர்வதில்லை.

இங்கே கட்டுவது சரளி வரிசையையும் ஜண்டை வரிசையையும் மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வாசிக்கிற ஒரு சின்னப் பெட்டி. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஒட்டுசுட்டானிலோ துணுக்காயிலோ கிழமைக்கு ஒரு வகுப்புக் கிடைத்தாலும், வீட்டில் சுருதிப்பெட்டி இருப்பது அரிது. இடைப்பட்ட நாள்களில் சுரத்தானம் பிசகாமல் கேட்டுப் பாட ஒரு துணை வேண்டும். அதனால் பெட்டி அழகாக ஒலிப்பதைவிட, சரியான சுரத்தில் ஒலிப்பது முக்கியம்.

சிப்புக்குள் இருக்கும் டைமர் ஒரு குறித்த எண்வரை எண்ணித்தான் காலை ஏற்றி இறக்குகிறது. அதற்கு முழு எண்களை மட்டுமே எண்ணத் தெரியும். சுரங்களோ ஒன்றுக்கொன்று விகிதத்தால் உறவு. பஞ்சமத்தின் மீடிறன், அதாவது அதிர்வெண், சட்ஜத்தைப் போல 3/2 மடங்கு. சுத்த மத்திமம் 4/3, அந்தர காந்தாரம் 5/4, காகலி நிஷாதம் 15/8, சுத்த ரிஷபம் 16/15, சுத்த தைவதம் 8/5. மீடிறன் கூடக் கூட எண்ணும் எண்ணிக்கை குறையும் என்பதால் எண்ணிக்கைக்கு இவற்றைத் தலைகீழாக்க வேண்டும்: 2/3, 3/4, 4/5, 8/15, 15/16, 5/8. இத்தனை பின்னங்களாலும் பெருக்கினாலும் முழு எண்ணே வரக்கூடிய ஆகச் சிறிய எண் 240. எட்டு பிட் டைமர் எண்ணக்கூடிய உச்சம் 255. அதாவது சட்ஜத்துக்கு 240 என்று வைத்தால் மாயாமாளவகௌளை முழுவதும் ஒரே பைட்டுக்குள், துளி பிசகில்லாமல் அடங்குகிறது:

ச 240, ரி1 225, க3 192, ம1 180, ப 160, த1 150, நி3 128, மேல் ச 120.

மற்ற சுரத்தானங்கள் தேவைப்பட்டால் ரி2 213, க2 200, ம2 171, த2 144, நி2 135. இவற்றில் ரி2, ம2 இரண்டு மட்டும் பின்னத்தை முழு எண்ணாக்கியவை. பிசகு 4 சென்ட்டுக்குள். ஓர் அரைச்சுரம் 100 சென்ட் என்பதால் இது காதில் படாது. மோகனத்துக்கு 240, 213, 192, 160, 144, 120.

மீடிறன் அட்டவணையைப் பார்த்து 261.63, 277.18 என்று எழுதி, அதை நிரலுக்குள் மைக்ரோசெக்கனாக மாற்றி, மிச்சத்தை வெட்டி எறிகிற வழி ஒவ்வொரு சுரத்தையும் வெவ்வேறு அளவில் பிசகாக்கும். 1951 இல் மான்செஸ்டரில் ஃபெராண்டி மார்க் 1 கணினி வாசித்ததை பிபிசி ஒலிப்பதிவு செய்தபோதும் இதே தொல்லைதான்: கட்டளைகளுக்கு எடுக்கும் நேரம் முழு எண்ணாகவே கூடியும் குறைந்தும் வந்ததால் சில சுரங்களை அண்ணளவாகத்தான் பிடிக்க முடிந்தது. எண்ணிக்கையை முதலில் தெரிந்தெடுத்துக்கொண்டு, மீடிறன் அதற்குப் பின்னால் வரட்டும் என்று விட்டால் அந்தத் தொல்லை இல்லை.

சிப் ஏடிடைனி 85. எட்டுக் கால், 8 கிலோபைட் ஃபிளாஷ். தொழிற்சாலையிலிருந்து வரும்போது உள்ளே 8 மெகாஹேர்ட்ஸ் அலையியற்றி எட்டால் வகுக்கப்பட்டு 1 மெகாஹேர்ட்ஸில் ஓடும். இப்படி வகுக்கச் சொல்லும் நிரந்தர அமைப்புத்தான் ஃபியூஸ் பிட். பலரும் முதல் வேலையாக அதை மாற்றுவார்கள். இதற்கு மாற்றத் தேவையில்லை. 1 மெகாஹேர்ட்ஸை, டைமருக்குப் போகுமுன் வகுத்துக் கொடுக்கும் பிரீஸ்கேலரில் எட்டால் வகுத்தால் 125000. அதை 480 ஆல், அதாவது 240 ஏற்றமும் 240 இறக்கமுமாக வகுத்தால் 260.4 ஹேர்ட்ஸ். ஒரு கட்டைக்கு 8 சென்ட் கீழே. ஏற்கெனவே ஃபியூஸ் மாற்றிய சிப் கையில் வந்தால் சட்ஜம் மூன்று ஸ்தாயி மேலே போய் 2083 ஹேர்ட்ஸில் கீச்சிடும். அந்தச் சிப்புக்குப் பிரீஸ்கேலரை 64 ஆக்கினால் சரி.

டைமரை எந்த முறையில் ஓட்டுவது என்பதில் கொஞ்சம் நிற்க வேண்டும். வழக்கமாகச் சொல்லித்தருவது, எண்ணிக்கை முடிந்ததும் காலைப் புரட்டிவிட்டுப் பூச்சியத்திலிருந்து தொடங்கும் முறை. அதில் இரண்டு குறை. ஒன்று, புதிய எண் உடனே ஏறிவிடும். டைமர் 200 இல் நிற்கும்போது பஞ்சமத்தின் 160 ஐ எழுதினால் அது 160 ஐத் தவறவிட்டு 255 வரை போய்ச் சுற்றி வரும். சுரம் மாறும் இடத்தில் ஒரு "டிக்" கேட்கும். இரண்டாவது, ஒலியின் பலத்தை மாற்ற வழியில்லை. எப்போதும் பாதி நேரம் மேலே, பாதி நேரம் கீழே.

அதைவிட நல்லது மேலே ஏறி அதே வழியில் இறங்கி வருகிற முறை. சிப்புக்குள் நாம் எண் எழுதும் இடங்களுக்கு ரெஜிஸ்டர் என்று பெயர். இதில் ஓசிஆர்0ஏ ரெஜிஸ்டர் சுரத்தைத் தீர்மானிக்கும், ஓசிஆர்0பி துடிப்பின் அகலத்தைத் தீர்மானிக்கும். புதிய எண் உச்சிக்கு வந்தபிறகே ஏறுவதால் "டிக்" இல்லை. அகலத்தைப் பூச்சியமாக்கினால் கால் கீழேயே நிற்கும், அதுவே மௌனம். எழுத வேண்டிய எண்கள்: டிடிஆர்பி 2, டிசிசிஆர்0ஏ 33, டிசிசிஆர்0பி 10. வெளியீடு 6 ஆம் காலில் வரும். இந்த முறையில் எண்ணிலிருந்து ஒன்றைக் கழிக்கக் கூடாது. 240 என்றால் 240 தான் எழுத வேண்டும். புரட்டும் முறைக்குப் பழகிய கை 239 என்று எழுதிவிடும். 239, 224, 191 என்று எல்லாவற்றிலும் ஒன்று கழிந்தால் மேல் ஸ்தாயி கூடுதலாக ஏறி, ஸ்தாயி இரண்டும் சேராது.

இனிச் சுற்று. வேண்டியவை: ஏடிடைனி 85, எட்டுக்கால் ஐசி பேஸ், பிசி 337 டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் தடை, 33 ஓம் அரை வாட் தடை, 100 நானோபரட் பீங்கான் கொள்ளளவி, 470 மைக்ரோபரட்டும் 10 மைக்ரோபரட்டும் மின்பகு கொள்ளளவிகள், 1என்4148 டயோட், ஓர் அழுத்து சுவிட்ச், பழைய எஃப்எம் றேடியோவில் கழற்றிய 8 ஓம் ஸ்பீக்கர். சில்லறைப் பொருள்கள் கிளிநொச்சி, வவுனியாக் கடைகளில் தேடினால் அகப்படும். சிப்பைக் கொழும்பிலிருந்து தபாலில் எடுக்க வேண்டி வரலாம். வரும்வரைக்கும் யூனோ போர்ட்டில் செய்து பார்க்கும் வழி கடைசியில் இருக்கிறது.

6 ஆம் காலிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக டிரான்சிஸ்டரின் அடிவாய்க்கு (base). காலிவாய் (emitter) தரைக்கு. சேகரிவாயிலிருந்து (collector) 33 ஓம், அதிலிருந்து ஸ்பீக்கர், ஸ்பீக்கரின் மறுமுனை பற்றரியின் நேர்முனைக்கு. டயோடும் 10 மைக்ரோபரட்டும் ஸ்பீக்கருக்குக் குறுக்கே, டயோடின் கோடு போட்ட பக்கமும் கொள்ளளவியின் நேர்க்காலும் பற்றரிப் பக்கம். அந்த 10 மைக்ரோபரட் சதுர அலையின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கும். பலர் மழுக்குவதற்கு டிரான்சிஸ்டரின் முன்னால் கொள்ளளவி வைப்பார்கள். டிரான்சிஸ்டர் சுவிட்சாக வேலை செய்வதால் அது மழுங்கியதைத் திரும்பவும் சதுரமாக்கிவிடும், பலனில்லை. 100 நானோபரட் 8 ஆம் காலுக்கும் 4 ஆம் காலுக்கும் இடையில், பேஸோடு ஒட்டி. 470 பற்றரி வாயில். சுவிட்ச் 2 ஆம் காலுக்கும் தரைக்கும். சிப்புக்குள்ளே இருக்கும் இழுதடையை (pull-up) நிரலில் போட்டுவிட்டால் வெளியே தடை வேண்டாம். ஒவ்வோர் அழுத்துக்கும் முதலாம், இரண்டாம், மூன்றாம் காலம்.

பிசி 547 கையில் இருக்கிறதே என்று போட வேண்டாம். அதன் எல்லை 100 மில்லிஅம்பியர். இங்கே 4.5 வோல்ட் கொடுத்தால், டிரான்சிஸ்டரில் விழும் 0.2 போக மிஞ்சும் 4.3 ஐ, 33 உம் 8 உம் சேர்ந்த 41 ஓமால் வகுக்க 105 வருகிறது. பிசி 337 க்கு 800 வரை இடமிருக்கிறது. 2என்2222 பிளாஸ்டிக் வகையும் எஸ்8050 உம் சரி, ஆனால் அவற்றின் கால்வரிசை பெரும்பாலும் பிசி 337 க்கு நேர் எதிராக இருக்கும். தட்டை முகம் உங்களைப் பார்க்கப் பிடித்தால் பிசி 337 இல் இடமிருந்து சேகரி, அடி, காலி. மற்ற இரண்டிலும் பெரும்பாலும் காலி, அடி, சேகரி. மாற்றிப் போட்டால் புகை வராது, சத்தம் மட்டும் ஈனசுரத்தில் வரும். அதனால் பிழையைப் பிடிக்க நேரமெடுக்கும்.

டிரான்சிஸ்டர் இல்லாமல் ஸ்பீக்கரை நேரே காலில் மாட்டுவது சிப்பைக் கெடுக்கும். 8 ஓம் கேட்கிற மின்னோட்டம் 500 மில்லிஅம்பியருக்கு மேல், காலின் உச்ச எல்லை 40. பீசோ பஸ்ஸர் என்றால் நேரே மாட்டலாம், ஆனால் கடையில் இரண்டு வகை ஒரே தோற்றத்தில் இருக்கும். இரண்டு முனையையும் பற்றரியில் தொட்டுப் பாருங்கள். தொடர்ந்து கூவினால் உள்ளேயே அலையியற்றி உள்ளது. அதற்குச் சுரம் வராது. தொடும்போது ஒரு "டிக்" மட்டும் வந்தால் அதுதான் நமக்கு உதவும். அதுவும் 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் பக்கம்தான் பலமாக ஒலிக்கும். 260 இல் மெலிந்த சத்தம். பாடிப் பழக ஸ்பீக்கர்தான் வேண்டும்.

நிரலின் உயிர் ஓசை தணிகிற இடத்தில் இருக்கிறது. சுரம் தொடங்கும்போது அகலத்தைச் சுர எண்ணில் பாதியாக வையுங்கள். பிறகு சுரத்தின் நேரத்தை 25 படியாக்கி, ஒவ்வொரு படியிலும் அகலத்தில் எட்டிலொன்றைக் கழியுங்கள். முதலாம் காலத்துக்குப் படி 40 மில்லிசெக்கன், இரண்டாம் காலத்துக்கு 20, மூன்றாம் காலத்துக்கு 10. சட்ஜத்தில் இது 120 இல் தொடங்கி 105, 92, 81, 71 என்று இறங்கும். தந்தியைச் சுண்டியதுபோல் ஒரு தேய்வு வரும்.

இங்கே இரண்டு பொறி இருக்கிறது. எட்டிலொன்று என்பது முழு எண் வகுத்தல். அகலம் 7 க்கு வந்ததும் 7 ஐ எட்டால் வகுத்தால் 0, கழிக்க ஒன்றுமில்லை. அங்கேயே நின்று மெல்லிய ரீங்காரம் ஓயாமல் கேட்கும். அதற்கு எட்டிலொன்றோடு இன்னும் 1 சேர்த்துக் கழிக்க வேண்டும். அப்படிக் கழித்தால் சட்ஜம் சரியாக 24 படியில் பூச்சியமாகி, 25 ஆவது படி மௌனமாக நிற்கும். ஜண்டை வரிசையில் "ச ச ரி ரி" என்று ஒரே சுரம் இருமுறை வரும்போது இந்த மௌனம்தான் இரண்டையும் பிரிக்கிறது. தனியாக இடைவெளி எழுதத் தேவையில்லை.

அடுத்த பொறி அந்த 1 ஐக் கழித்ததிலேயே பிறக்கிறது. மேல் சட்ஜம் 60 இல் தொடங்குவதால் 20 படியிலேயே பூச்சியமாகிவிடும். மீதிப் படிகளிலும் கழித்துக்கொண்டே போனால் 0 இலிருந்து 1 போய் 255 ஆகும். அகலம் உச்சியை மிஞ்சினால் கால் மேலேயே நிற்கும், ஸ்பீக்கருக்குள் நேர்மின் ஓடும். பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம்: "டொக்" என்ற சத்தத்தோடு ஸ்பீக்கரின் தாள் ஒரு பக்கம் இழுபட்டு அப்படியே நிற்கும், விரல்நுனியால் மெல்லத் தொட்டால் இறுகியிருக்கும், 33 ஓம் தடை சுடும். ஒரு வயரைக் கழற்றியதும் தாள் பழைய இடத்துக்குத் துள்ளும். பூச்சியம் வந்தால் கழிக்காதே என்று ஒரு வரி சேர்த்தால் தீரும். பாட்டு முடிந்த பிறகும் பற்றரி இறங்குகிறது என்றாலும் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

பாதிக்குப் பதில் நாலிலொன்றில் தொடங்கினால் வீணையின் சாயல் கூடும், மின்னோட்டமும் குறையும், பலமும் கொஞ்சம் குறையும். அகலம் பாதியிலிருந்து காலாகும் வரைக்கும் ஒலி அவ்வளவாகத் தணியாது, அதன் நிறம்தான் மாறும். எங்கள் காதுக்கு நாலிலொன்றே பிடித்திருக்கிறது.

மந்தர ஸ்தாயிக்கு, அதாவது கீழ் ஸ்தாயிக்கு, 8 இன் பிரீஸ்கேலரில் இடமில்லை. மந்தரப் பஞ்சமம் 320. பிரீஸ்கேலரை 64 க்கு மாற்றி, அதாவது டிசிசிஆர்0பி 11 என்று எழுதி, எட்டால் வகுத்த எண்ணைப் போடலாம்: மந்தர ப 40, த2 36, நி3 32. மூன்றும் முழு எண். சுத்த தைவதம் மட்டும் 37.5 இல் விழுகிறது. 38 என்று போட்டால் 23 சென்ட் இறங்கிவிடும். மாயாமாளவகௌளையில் மந்தரத் தைவதம் வருகிற பயிற்சியை இந்தச் சிப்பில் வாசிக்காமல் விடுவதே மேல், பிள்ளையின் காதில் பிழை பதியக் கூடாது. பட்டியலில் 50 க்குக் கீழான எண் வந்தால் மந்தரம் என்று நிரல் தானாகப் பிரீஸ்கேலரை மாற்றட்டும், 0 வந்தால் பட்டியல் முடிவு. அகலம் 20 இல் தொடங்குவதால் தேய்வு 12 படியில் முடிந்துவிடும். அங்கே ஒரு படி விட்டு ஒரு படி கழியுங்கள்.

முதல் சரளி பட்டியலாக 240, 225, 192, 180, 160, 150, 128, 120, பிறகு அதே எண்கள் திரும்பி. பதினாறு பைட்டில் ஓர் ஆவர்த்தனம் ஏறி, ஓர் ஆவர்த்தனம் இறங்கும். சரளி, ஜண்டை எல்லாவற்றையும் ஃபிளாஷில் வையுங்கள். ரேம் 512 பைட்தான்.

நேரத்தைத் தாமதக் கட்டளையால் எண்ணும்போது, நிரலில் சொல்லும் கடிகார வேகம் 1000000 என்று இருக்க வேண்டும். சுரம் சரி, தாளம் மட்டும் எட்டு மடங்கு மந்தம் என்றால் அங்கே 8000000 என்று கிடக்கிறது. ஆர்டுயினோ சூழலில் எழுதினால் இன்னொரு சிக்கல்: பல ஏடிடைனித் தொகுப்புகள் நேரம் பார்க்க இதே டைமர் 0 ஐ எடுத்துக்கொள்ளும், நாம் அதைத் திருத்தியதும் தாமதக் கட்டளை குழம்பும். சாதாரண சி மொழியில் எழுதுவது நிம்மதி. ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் பாட்டு முதலிலிருந்து ஆரம்பித்து "ச... ச... ச..." என்று நின்றால் நிரலைத் தோண்ட வேண்டாம். மின்னழுத்தம் சரிந்து சிப் மீளத் தொடங்குகிறது. 100 நானோபரட் விடுபட்டிருக்கும் அல்லது பற்றரி தளர்ந்திருக்கும்.

சுருதி சேர்ப்பதற்கு வருவோம். உள் அலையியற்றி 10 வீதம்வரை விலகியிருக்கலாம். அது ஒன்றரை அரைச்சுரத்துக்கும் மேல். ஆனால் எல்லாச் சுரமும் சேர்ந்தே விலகும், விகிதம் குலையாது. ராகம் கெடாமல் கட்டை மட்டும் மாறும். ஓஎஸ்சிகால் ரெஜிஸ்டரின் எண்ணை ஒவ்வொரு படியாகக் கூட்டியோ குறைத்தோ ஆசிரியரின் சுருதிப்பெட்டிக்குச் சேர்க்கலாம். ஒரேயடியாகப் பாய்ந்தால் சிப் தடுமாறும். தகரக் கூரைக்குக் கீழே மத்தியானச் சூட்டில் சுருதி சற்று நகரும் என்பதால் பிள்ளை பாடுகிற காலை நேரத்திலேயே சேர்ப்பது நல்லது.

கைபேசிச் சுருதிகாட்டிச் செயலியில் பார்த்தால் ஒரு மயக்கம் வரும். சட்ஜத்தைச் சேர்த்த பிறகும் அது காந்தாரம் 14 சென்ட் குறைவு, நிஷாதம் 12 குறைவு, ரிஷபம் 12 கூட, தைவதம் 14 கூட என்று காட்டும். செயலி கீபோர்டின் சமப் பகுப்பை அளவுகோலாக வைத்திருக்கிறது. நமது எண்கள் விகிதத்தில் நிற்கின்றன. செயலி பச்சை காட்டும்வரை எண்களைத் திருத்தினால் 240 ஐத் தெரிந்தெடுத்ததன் பலன் முழுவதும் போய்விடும். சட்ஜத்துக்கு மட்டும் செயலியை நம்புங்கள், மற்றதைத் தம்புராவோடு கேட்டுப் பாருங்கள்.

மின்சாரத்துக்குச் சின்ன றேடியோக்களில் வரும் 3.7 வோல்ட் லிதியம் பற்றரி பொருத்தம், நிரம்பினாலும் 4.2. சோலர் லாம்பின் 6 வோல்ட் ஈயப் பற்றரியை நேரே கொடுக்கக் கூடாது. சார்ஜில் அது 7 ஐத் தாண்டும், சிப்பின் மேல் வரம்பு 5.5. பவர் பேங்கும் சரிவராது, இவ்வளவு சிறிய இழுவையில் பல பவர் பேங்குகள் தாமாகவே நின்றுவிடும்.

ஸ்பீக்கரைத் திறந்தபடி மேசையில் வைத்தால் முன்பக்க ஒலியைப் பின்பக்க ஒலி தின்றுவிடும். பின்னால் மூட வேண்டும். இரண்டேகால் அங்குல ஸ்பீக்கருக்குப் பெரிய சிரட்டை ஒன்று நன்றாக அமையும். விளிம்பைத் தட்டையாகத் தேய்த்து ரப்பர் பசையால் ஒட்டினால் சட்ஜத்துக்கு உடனே ஒரு கனம் வருவது கேட்கும். முன்னால் நுளம்பு வலைத் துண்டொன்றை இழுத்து ஒட்டுங்கள். சோளகக் காற்றில் கிறவல் றோட்டுப் புழுதி தாளில் படியும், துளை கண்டால் வேட்டைவாளிக் குளவி மண் வைத்து அடைக்கும். மாரிக்கு, சோல்டர் பண்ணிய பக்கத்தில் நகப்பூச்சு ஒரு தடவை பூசினால் பச்சை பிடிக்காது.

யூனோவில் பார்ப்பதற்கு டைமர் 2 ஐ எடுங்கள். டிசிசிஆர்2ஏ 33, டிசிசிஆர்2பி 13, வெளியீடு 3 ஆம் கால். 16 மெகாஹேர்ட்ஸை 128 ஆல் வகுத்தால் அதே 125000 வருவதால் பட்டியல் அப்படியே பொருந்தும். மந்தரத்துக்கு 13 க்குப் பதில் 15. தாமதக் கட்டளை டைமர் 0 இல் ஓடுவதால் தாளமும் குழம்பாது. கமகம் வேண்டுபவர்களுக்கு யூனோவின் பதினாறு பிட் டைமர் 1 தான் வழி. எட்டு பிட்டில் ஒரு படி நகர்ந்தால் சட்ஜத்தில் 7 சென்ட், மேல் சட்ஜத்தில் 14 சென்ட். இழைந்து போக வேண்டிய இடம் படிக்கட்டு ஏறும். டைமர் 1 இல் பிரீஸ்கேலர் 8, சட்ஜம் 3840, மற்ற எண்கள் எல்லாம் பதினாறு மடங்கு. சட்ஜத்தில் ஒரு படி அரை சென்ட்டுக்கும் குறைவு, ரிஷபத்தின் கம்பிதத்தை, அதாவது அசைவை, 3600 ஐச் சுற்றி இரண்டு மூன்று மில்லிசெக்கனுக்கு ஒருமுறை சில படிகளாக நகர்த்தி எடுக்கலாம்.